பை வந்துவிட்டது, உள்ளே போதுமான செல் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்: எலும்பு மஜ்ஜை மாற்று

சென்ற இதழில், மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் டோனரிடம் எடுத்த செல்களை லேப்பில் பரிசோதிப்பார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ரிப்போர்ட்டையே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நோய் விவரம் உள்ள கடிதங்கள் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிஎம்டி, அதாவது மஜ்ஜை மாற்று வார்டில் ரவுண்ட்ஸ் போன டாக்டர் அல்ல. ரத்த வங்கி மருத்துவம் படித்து, கீழ்த்தளத்து ஸ்டெம் செல் லேப்பில் பையை வாங்கி, எண்ணி, மேலே அனுப்பும் வேலையில் இருந்தவள். சிகிச்சை முடிவுகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள எண்களை என்னிடம் கேட்கலாம்.

“தலசீமியா உள்ள என் மகனுக்கு அவன் அக்காவின் மஜ்ஜையை ஏற்றினார்கள். ரிப்போர்ட்டில் சிடி34 என்று போட்டு 3.1 என்று இருக்கிறது. பக்கத்து அறைப் பையனுக்கு 7.4. அவனுடைய டோனரை மெஷினில் உட்கார வைத்து எடுத்தார்களாம். எங்களுக்கு வந்தது மட்டமானதா, டாக்டர் அம்மா?” – ஒரு தாய், திருநெல்வேலி

மட்டமானது இல்லை. பிளஸ் டூ மார்க் விசாரிப்பது போல வார்டு வராந்தாவில் இந்த எண்ணை விசாரிக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது தரும் கவலை கொஞ்சநஞ்சம் இல்லை.

3.1 என்றால், நோயாளியின் ஒரு கிலோ எடைக்கு 31 லட்சம் சிடி34 செல்கள் என்று அர்த்தம். சிடி34 என்பது எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலமான ஸ்டெம் செல்களின் மேலும், அவற்றிலிருந்து அடுத்தடுத்துப் பிறக்கும் இளம் செல்களின் மேலும் இருக்கும் ஒரு புரதம். அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணுகிறோம். கிலோவுக்கு 20 லட்சத்துக்குக் கீழே போனால்தான் எங்களுக்குக் கவலை. உங்கள் மகனுடையது அதற்கு நன்றாகவே மேலே இருக்கிறது.

பக்கத்து அறைப் பையனுக்குக் கிடைத்தது மஜ்ஜையே அல்ல, ரத்தத்திலிருந்து பிரித்த செல்கள். டோனருக்கு நாலைந்து நாள் ஜிசிஎஸ்எஃப் ஊசி போட்டு, மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, மெஷினில் பிரித்து எடுப்பது அந்த முறை. அதில் சிடி34 கூடுதலாகவே கிடைக்கும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுக்கும் மஜ்ஜையில் 30 லட்சம் என்பது நல்ல எண். இன்னொன்று, வகுப்பது நோயாளியின் எடையால். அதே பையை உங்கள் மகனில் பாதி எடையுள்ள குழந்தைக்கு ஏற்றியிருந்தால் ரிப்போர்ட்டில் 6.2 என்று வந்திருக்கும். பை அதேதான்.

அந்த 3.1-இல் இருக்கும் புள்ளி ஒன்றையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவி குறைந்தது 100 சிடி34 செல்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. 100 எண்ணினால் தற்செயலாகவே ஒரு பத்து கூடும், குறையும். 3.1-ம் 2.9-ம் எங்கள் கண்ணுக்கு ஒன்றுதான்.

“மகனுக்கு வயது 12, எடை 40 கிலோ, அப்லாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்த அணுக்களைப் போதிய அளவு உற்பத்தி செய்யாத நோய்). ஹெச்எல்ஏ (டோனர் பொருத்தம் பார்க்கும் செல் அடையாளம்) முழுதாகப் பொருந்துவது 6 வயதுத் தங்கைக்கு மட்டும்தான். அவள் 17 கிலோ. ‘செல் போதுமா என்று பார்க்க வேண்டும்’ என்கிறார்கள். எடுத்த பிறகு பார்த்து என்ன பயன்?” – ஒரு தந்தை, சேலம்

எடுத்த பிறகு அல்ல, எடுக்கும்போதே பார்ப்பார்கள். நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மயக்க மருந்து கொடுத்து, டோனரைக் குப்புறப் படுக்க வைத்து, பின்புற இடுப்பெலும்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு உறிஞ்சுவார்கள். ஒரு இடத்தில் ஒரு இழுப்புக்கு சுமார் 5 மில்லிதான் எடுக்க வேண்டும். பேராசைப்பட்டு 20 மில்லி இழுத்தால் மஜ்ஜைக்குப் பதிலாகப் பக்கத்து ரத்தம் வந்து சேரும். பை நிறையும், செல் இருக்காது. அதனால்தான் “எத்தனை மில்லி எடுத்தார்கள்?” என்று கேட்பவர்களிடம் அந்த எண்ணை விட்டுவிடுங்கள் என்பேன். இருக்கும் எண்களிலேயே விவரம் மிகக் குறைந்தது அதுதான்.

பாதி எடுத்ததும் பையை நன்றாகக் கலந்து, ஒரு சிறு குழாயில் மாதிரி எடுத்து லேப்புக்கு ஓடி வருவார்கள். டோனர் இன்னும் மேஜையில்தான் இருப்பார். நாங்கள் மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு அதை செல் எண்ணும் கருவியில் வைத்து, சில நிமிடங்களில் தியேட்டருக்கு போன் செய்வோம். உதாரணத்துக்கு, நோயாளி 30 கிலோ. கிலோவுக்கு 30 கோடி செல் (சிடி34 மட்டும் அல்ல, எல்லா வகையும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை) இலக்கு என்றால் மொத்தம் 900 கோடி வேண்டும். பையில் 400 மில்லி, ஒரு மில்லியில் 1.8 கோடி செல். அதாவது 720 கோடி வந்துவிட்டது, இன்னும் 180 கோடி வேண்டும். கணக்குப்படி 100 மில்லி போதும். ஆனால் போகப்போக ரத்தக் கலப்பு கூடும் என்பதால், “120, 130 எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வோம். சர்ஜன்கள் இந்த போனுக்குக் காத்திருப்பார்கள்.

அந்த 30 கோடி எங்கிருந்து வந்தது? சியாட்டிலில் ரெய்னர் ஸ்டார்பும் டோனல் தாமஸும் சேர்ந்து 1977-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. உங்கள் மகனுக்கு இருக்கும் இதே அப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளில், கிலோவுக்கு 30 கோடிக்குக் குறைவாக மஜ்ஜை செல் கிடைத்தவர்களுக்கு உடல் அதை நிராகரிப்பது கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். மஜ்ஜை மாற்றுக்காக 1990-இல் நோபல் பெற்றவர் இதே தாமஸ்தான். மற்ற நோய்களில் 20 கோடிக்குப் பக்கத்தில் கிடைத்தாலும் ஒப்புக்கொள்ளும் டாக்டர்கள் அப்லாஸ்டிக் என்றால் 30-ஐப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. 40 கிலோவுக்கு 30 கோடி வீதம் 1,200 கோடி வேண்டும். டோனரின் ஒரு கிலோ எடைக்கு 20 மில்லி என்பது எடுக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட உச்ச வரம்பு. தங்கைக்கு அது 340 மில்லி. மில்லிக்கு 2 கோடி கிடைத்தால் 680 கோடிதான். சின்னப் பிள்ளைகளின் மஜ்ஜை செழிப்பாக இருப்பது உண்மை. 3 கோடியே கிடைத்தாலும் 1,020 கோடி. எப்படிப் பார்த்தாலும் இடிக்கிறது. அவர்கள் தயங்குவது இதனால்தான், வேறு எதையும் மறைப்பதற்காக அல்ல.

இங்கே என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். வரம்பைத் தாண்டி எடுக்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாதீர்கள். அந்தத் தங்கையும் ஒரு குழந்தைதான். மயக்க மருந்து, வலி, ரத்த இழப்பு எல்லாம் அவளுக்கு. அவளைப் பார்க்கும் டாக்டரும் அண்ணனைப் பார்க்கும் டாக்டரும் வேறு வேறு ஆளாக இருக்கிறார்களா என்று கேளுங்கள், இருக்க வேண்டும். வெளி டோனரைத் தேடுவதா, பெற்றோரில் ஒருவரிடம் பாதிப் பொருத்தத்தில் எடுப்பதா, இருப்பதை வைத்துப் போவதா என்பதெல்லாம் அவர்கள் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அந்தப் பேச்சு, மாற்றுக்கு முன் கொடுக்கும் கண்டிஷனிங் கீமோ தொடங்கும் முன் நடக்க வேண்டும். தொடங்கிய பிறகு மகனின் சொந்த மஜ்ஜை போய்விடும், திரும்ப வழி இல்லை.

“டோனர் ஆட்டுக்கால் பாயா குடித்தால் மஜ்ஜை நன்றாக ஊறுமா?” – கும்பகோணம்

ருசிக்குக் குடிக்கட்டும். செல் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மஜ்ஜை கொடுத்த பிறகு டோனருக்கு இரும்புச் சத்து குறையும். கொடுக்கிற மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

“நான் ஓ பாசிட்டிவ், என் தம்பி ஏ பாசிட்டிவ். ஆபரேஷன் முடிந்து அவனுடைய மஜ்ஜையை லேப்பில் மூன்று நாலு மணி நேரம் வைத்து, சிவப்பணுவை எடுத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘முன்’ என்ற இடத்தில் 1,900 கோடி, ‘பின்’ என்ற இடத்தில் 520 கோடி. முக்கால்வாசி போயே போச்சா?” – குடியாத்தம்

போகவேண்டியதுதான் போயிருக்கிறது. ரத்த குரூப் பொருந்தாவிட்டாலும் ஹெச்எல்ஏ பொருந்தினால் மஜ்ஜை மாற்றலாம். ஆனால் ஓ குரூப்காரரான உங்கள் ரத்தத்தில் ஏ-க்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருக்கிறது. மஜ்ஜைப் பையில் தம்பியின் சிவப்பணு ஏராளம். அப்படியே ஏற்றினால் அவை உடைந்து, சிறுநீரகம் வரை பாதிக்கும். அதனால்தான் பிரித்தெடுக்கிறோம்.

ஸ்டார்ச் கரைசல் சேர்த்துச் சிவப்பணுவை அடியில் படியவிடுவது ஒரு வழி, செல் பிரிக்கும் மெஷினில் சுற்றுவது இன்னொரு வழி. மெஷினில் சுற்றும்போது சிவப்பணுவோடு சேர்ந்து நியூட்ரோஃபில் என்ற முதிர்ந்த வெள்ளையணுக்களும் வெளியே போகும். மஜ்ஜையின் மொத்த எண்ணிக்கையில் பெரும்பங்கு வகிப்பது இந்த வகையறாதான், அதனால்தான் 1,900 என்பது 520 ஆனது. ஆனால் நியூட்ரோஃபில் வேர் பிடிக்கப் போவதில்லை, சில நாளில் செத்துவிடும். உங்களுக்கு வேண்டியது சிடி34. அது நடு அடுக்கில் தங்கும். நீங்கள் அனுப்பிய தாளின் கடைசி வரியைப் பாருங்கள். முன் 18 கோடி, பின் 16 கோடி. லேப்காரர்கள் பொறுமையாக நல்ல வேலை பார்த்திருக்கிறார்கள்.

வருகிற மாதங்களில் உங்கள் ரத்த குரூப் மெல்ல ஏ ஆக மாறும். பழைய ஆன்டிபாடி மிச்சம் இருக்கும் வரை சிவப்பணு ஏறுவது மட்டும் கொஞ்சம் தாமதமாகலாம். வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் ஏறிய பிறகும் ஹீமோகுளோபின் இழுத்தடித்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

“மல்டிபிள் மைலோமாவுக்கு (மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) என் சொந்த செல்லையே எடுத்து உறைய வைத்து, பிறகு ஏற்றினார்கள். ஏற்றும்போது அறை முழுக்கப் பூண்டு நாற்றம். கெட்டுப்போய்விட்டதோ என்று கேட்டேன், சிரித்தார்கள். ரிப்போர்ட்டில் ‘உயிருள்ளவை 76 சதவீதம்’. உறைய வைக்கும் முன் 98. சிரிக்கிற விஷயமா இது?” – 58 வயது, ஈரோடு

சிரித்தது தவறு. அவர்களுக்குப் பழகிப்போன நாற்றம், உங்களுக்கு முதல் தடவை. அது டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தின் வேலை. வெறுமனே உறைய வைத்தால் செல்லுக்குள் பனித்துகள் உருவாகி அதைக் கிழித்துவிடும். அதைத் தடுக்க வழக்கமாக 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்போம். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. ஏற்றும் நாளில் 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சட்டென்று உருக்கி, தாமதமில்லாமல் ஏற்ற வேண்டும். உடம்பு டிஎம்எஸ்ஓவை மூச்சு வழியாக வெளியேற்றும்போதுதான் அந்தப் பூண்டு வாடை. ஓரிரு நாள் உங்கள் வீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளித்திருப்பார்கள்.

76 சதவீத விஷயம். உறைந்து உருகும்போது முதலில் சாகிறவை மேலே சொன்ன அதே நியூட்ரோஃபில்கள். எல்லா செல்லையும் சேர்த்துப் பார்த்தால் எண் விழுந்ததுபோல் தெரியும். சிடி34 செல்கள் உறைபனியைத் தாங்குவதில் கெட்டிக்காரர்கள். அதனால் “உயிருள்ள சிடி34 எத்தனை?” என்று தனியாகக் கேட்க வேண்டும். செத்த செல்லுக்குள் மட்டும் புகும் 7-ஏஏடி என்ற சாயத்தை சிடி34 சோதனையோடு சேர்த்துப் போட்டால் இந்த எண் கிடைக்கும். ட்ரிப்பான் ப்ளூ போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பழைய முறையில் எந்த வகை செல் செத்தது என்று தெரியாது, நீல நிறமாகத் தெரிவதெல்லாம் செத்தது, அவ்வளவுதான். என்னிடம் ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: நோயாளியின் ஒரு கிலோ எடைக்கு உயிருள்ள சிடி34.

ஏற்றும் முன் இதையெல்லாம் சோதிக்கப் பையை உருக்கிப் பார்க்க முடியாது என்பதால், அதே பையின் செல்லைச் சிறு குப்பியில் தனியாக உறைய வைத்திருப்பார்கள். உங்கள் கண்டிஷனிங் மருந்தைத் தொடங்கும் முன் அந்தக் குப்பியை உருக்கிப் பார்க்கும் லேப் நல்ல லேப்.

“மேம், நான் பயோடெக்னாலஜி படிக்கிறேன். சிடி34 எண்ணுவது வெறும் தலை எண்ணுவதுதானே? அந்த செல் வேலை செய்யுமா என்று பார்க்கும் காலனி சோதனையை ஏன் எல்லோருக்கும் முதலிலேயே செய்வதில்லை?” – திருச்சி

தம்பி, சரியான இடத்தில் கை வைத்துவிட்டாய். காரணம், நாள். செல்களை மெத்தில்செல்லுலோஸ் என்ற கொழகொழ ஊடகத்தில் கலந்து, தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் 14 நாள் வைக்க வேண்டும். புது மஜ்ஜை 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்குள் போயாக வேண்டும். ரிசல்ட் வரும்போது செல் ஏற்கெனவே உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும். அதனால் புது மஜ்ஜைக்கு இது பின்னோக்கிப் பார்க்கிற சோதனை. உறைய வைத்த பைகளுக்கும் தொப்புள்கொடி ரத்தத்துக்கும்தான் அவகாசம் இருக்கிறது, அங்கே இன்றும் மதிப்பு உண்டு.

ஆனால் அதைப் பார்ப்பதில் இருக்கும் சுகமே தனி. இரண்டு வாரம் கழித்துத் தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், சிவப்பணு வழியில் போனவை செங்கல் நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தெரியும். வெள்ளையணு வழியில் போனவை நிறமில்லாமல் பரவிக் கிடக்கும். ஒவ்வொரு காலனியும் ஒரே ஒரு செல்லின் சந்ததி. கண் வலிக்க வலிக்க எண்ண வேண்டும். இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை வரும், அதுவும் இந்தச் சோதனையின் பலவீனம்.

இதன் வேர் டொரண்டோவில் இருக்கிறது. ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லாக்கும், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு மஜ்ஜை செல்களைச் செலுத்தினார்கள். சுமார் பத்து நாளில் எலியின் மண்ணீரலில் முடிச்சுகள் தோன்றின. செலுத்திய செல்லின் அளவுக்கேற்ப முடிச்சுகளும் கூடின. 1961-இல் அதை வெளியிட்டார்கள். சிடி34 வந்தது 1984-இல். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கர்ட் சிவின் அந்த ஆன்டிபாடியை உருவாக்கினார். லேப்புக்கு லேப் வேறு வேறு விதமாக எண்ணிக்கொண்டிருந்ததற்கு 1996-இல் ஐஷேஜ் என்ற பொது நெறிமுறை வந்தது. நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இலும் வேலூர் சிஎம்சியில் 1986-இலும் மஜ்ஜை மாற்று தொடங்கிய காலத்தில், கையில் இருந்தது மொத்த செல் எண்ணிக்கைதான். அதை வைத்துக்கொண்டே பிழைக்க வைத்தார்கள் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சிடி34 உள்ளதெல்லாம் ஸ்டெம் செல் இல்லை. ஆயுள் முழுக்க ரத்தம் உற்பத்தி செய்யக்கூடிய அசல் ஸ்டெம் செல் அதில் மிகச் சிறு பங்கு. காலனி சோதனையிலும் முளைப்பவை பெரும்பாலும் அதன் பிள்ளை, பேரன்கள். அசலை நிரூபிக்க ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இன்றுவரை இல்லை.

“மகளுக்கு மஜ்ஜை ஏற்றி மூன்று நாள் கழித்து, ‘பையில் கிருமி வளர்ந்திருக்கிறது’ என்று சொன்னார்கள். சோதிக்காமலேயே ஏற்றினார்களா? புகார் கொடுக்கலாமா?” – மதுரை

கோபம் நியாயமானது, ஆனால் நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு பையிலிருந்தும் கல்ச்சருக்கு மாதிரி எடுக்கிறோம். கிருமி வளர்ந்தால்தான் தெரியும், வளர நாள் ஆகும். கியூட்டிபாக்டீரியம் போன்ற தோல் கிருமிகள் ஐந்து நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். செல்கள் அதுவரை காத்திருக்காது. மஜ்ஜை எடுக்கும்போது ஊசி தோலைப் பலமுறை துளைக்கிறது, அதனால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் சில பைகளில் தோல் கிருமி ஒட்டி வந்துவிடும்.

முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் பெரும்பாலும் ஏற்றித்தான் இருப்பார்கள். கண்டிஷனிங் முடிந்த குழந்தைக்கு மாற்றுப் பை கிடையாது. பையைக் கொட்டினால் வரும் ஆபத்து, கிருமியால் வரும் ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது. எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாடிக்குக் கேட்கும் என்று பார்த்து மருந்து கொடுப்பார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்றால் பொதுவாகச் சமாளித்துவிடலாம். சூடோமோனாஸ் போன்றவை என்றால் விஷயம் கடுமை. மகளுக்கு எது வந்தது, என்ன மருந்து ஓடுகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களாகவே வந்து சொன்னார்கள் பாருங்கள், அது நல்ல அடையாளம். மறைத்திருந்தால்தான் நான் புகார் கொடுக்கச் சொல்வேன்.

“தாத்ரி என்ற டோனர் பதிவகம் மூலம் கிடைத்த டோனரின் செல் வெளியூரிலிருந்து விமானத்தில் வந்தது, 30 மணி நேரம் ஆனது. வழியில் பாழாகாதா?” – புதுச்சேரி

2 முதல் 8 டிகிரியில் வைத்த பெட்டியில், பயிற்சி பெற்ற ஒருவர் கையிலேயே தூக்கி வருவார். லக்கேஜில் போடக்கூடாது, எக்ஸ்ரேயில் விடக்கூடாது. பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி இருக்கும். பை வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான், பிறகுதான் லேபிள், கசிவு, உறைந்த ரத்தக் கட்டி. அப்புறம் சிடி34-ஐயும் உயிர்ப்பையும் எங்கள் கருவியில் மறுபடி எண்ணுவோம். மெஷினில் பிரித்த செல் மிகவும் அடர்த்தியாக இருந்தால் சீக்கிரம் வாடும். அதனால் ராத்திரி முழுக்க வைக்க வேண்டுமென்றால் டோனரின் பிளாஸ்மாவைச் சேர்த்து மில்லிக்கு 20 கோடிக்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். 30 மணி நேரம் பயப்படும் அளவு இல்லை. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது அமெரிக்காவின் டோனர் பதிவகம், செல் வந்து சேர்ந்து உறைய வைத்த பிறகே நோயாளிக்குக் கண்டிஷனிங் தொடங்க வேண்டும் என்று விதி போட்டது. விமானங்கள் நின்றுவிடுமோ என்ற பயத்தில் செய்தது.

“சிடி34 கூடுதலாக இருந்தால் கூடுதல் நல்லதுதானே? எங்களுக்கு 11 வந்திருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.” – கோயம்புத்தூர்

சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் ஒரு அளவுக்கு மேல் லாபம் இல்லை. இது உடன்பிறந்தவரின் ரத்தத்திலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறையில் 80 லட்சத்துக்கு (ரிப்போர்ட்டில் 8) மேல் போனவர்களுக்கு நாட்பட்ட ஜிவிஹெச்டி, அதாவது டோனரின் செல் நோயாளியின் உடம்பைத் தாக்குவது, கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதிகம் கிடைத்தால் ஒரு பகுதியைப் பின்னால் உதவும் என்று உறைய வைத்துக்கொள்ளும் மையங்களும் உண்டு. உங்கள் டாக்டர் அப்படிச் செய்தாரா என்று கேளுங்கள்.

சிடி34 மட்டும் அல்ல, சிடி3 என்று இன்னொரு வரி இருக்கும். அது டி செல்லின் எண்ணிக்கை. தாக்குவது இந்த டி செல்கள்தான். ரத்தத்திலிருந்து எடுத்த பையில், மஜ்ஜையில் இருப்பதைப்போல் சுமார் பத்து மடங்கு டி செல் இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2012-இல் வெளியான பெரிய ஆய்வில், உறவல்லாத டோனரின் மஜ்ஜை, ரத்த செல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பிழைத்திருந்தவர்களில் வித்தியாசம் இல்லை. நாட்பட்ட ஜிவிஹெச்டி ரத்த செல் பெற்றவர்களில் 53 சதவீதம், மஜ்ஜை பெற்றவர்களில் 41. செல் பிடிக்காமல் போனது ரத்த செல்லில் 3, மஜ்ஜையில் 9. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும். ரத்தப் புற்றுநோய் இல்லாத தலசீமியா, அப்லாஸ்டிக் பிள்ளைகளுக்கு ஜிவிஹெச்டியால் எந்த நன்மையும் இல்லை. அவர்களுக்குப் பல டாக்டர்கள் மஜ்ஜையையே விரும்புவது அதனால்தான்.

“செல் நன்றாக இருந்தது என்றார்கள். 17 நாள் ஆகிவிட்டது, கவுன்ட் 100-ஐத் தாண்டவில்லை. லேப் தப்பாக எண்ணியிருக்குமோ?” – நாகர்கோவில்

மஜ்ஜை என்று எழுதியிருக்கிறீர்கள். மஜ்ஜை பிடிக்க மூன்று வாரம் வரை ஆவது சாதாரணம், ரத்த செல் என்றால் சில நாள் முந்தும். நியூட்ரோஃபில் 500-ஐத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாள் நின்றால், அந்த மூன்றில் முதல் நாளைத்தான் செல் பிடித்த நாளாக எழுதுவோம். 28-ஆம் நாள் தாண்டியும் வராவிட்டால்தான் தீவிரமாகத் தேடுவார்கள். தொற்று, சில மருந்துகள், நோயாளியின் உடம்பில் டோனருக்கு எதிரான ஆன்டிபாடி, வீங்கிய மண்ணீரல் இவையெல்லாம் நல்ல பையையும் தாமதப்படுத்தும். லேப் எண்ணுவது பையில் உள்ளதை மட்டும். பை போய்ச் சேரும் இடத்தை எங்களால் எண்ண முடியாது. 17-ஆம் நாளில் லேப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

“பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒரு ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார். அதிலும் இந்தத் தரம் பார்ப்பார்களா?” – தஞ்சாவூர்

பார்க்க வேண்டும். நோயாளியின் கிலோவுக்கு குறைந்தது 2.5 கோடி செல் என்பது பொது அளவு. ஒரு பையில் 80 கோடி செல் இருந்தால் 32 கிலோ வரை தாங்கும், வளர்ந்த ஆளுக்குத் தாங்காது. அதைவிடப் பெரிய விஷயம், குழந்தைக்கு தலசீமியா வந்தால் அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே தலசீமியா இருக்கும். தனக்கே பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டி நெறிகளே சொல்கின்றன. வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே தலசீமியா இருந்து, பிறக்கப்போவது பொருந்தக்கூடும் என்றால் கதை வேறு, அப்போது சேமிப்பது நியாயம். அந்த நிலையிலும் ஏஜென்ட்டிடம் பேசாதீர்கள், மூத்த பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடம் பேசுங்கள். பணம் கட்டுவதாக இருந்தால், பையின் செல் எண்ணிக்கை, உயிருள்ள சிடி34, கல்ச்சர் மூன்றையும் எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். போன் வருவது நிற்கலாம்.